கதவில் ஒட்டிய ஜீ

2024 ஒக்டோபர் 9, புதன்

வீட்டுக்காரரைப் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வந்தேன். ஒருநாள் லீவு கேட்டதற்கே தோட்டத்து வெல்பெயார் ஐயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்க வேறு ஆள் இல்லையாம். என் வீட்டில் மட்டும் நோயாளியைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களா?

டொக்டர் சின்ன வயதுக்காரர். பொறுமையாகப் பேசினார். நெஞ்சில் ஏறிய தூள் இனி இறங்காது, மருந்து பாதி, வீடு பாதி என்றார். குளிர் ஆகாது, ஈரம் ஆகவே ஆகாது, காய்ந்த அறையில் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார். தேயிலை அரைக்கிற ஸ்டோரில், சலிக்கும் அறையில் இருபது வருஷம் தூளைக் குடித்த நெஞ்சு அது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிலிப்பு சொன்னார்: "டொக்டரு நம்ம காம்பராவப் பாத்ததில்ல புள்ள. என்னோட சீலிங்கு தெரிஞ்சா அவரே பாய எடுத்துக்கிட்டு வந்துருவாரு."

அவருக்கு அந்தச் சீலிங்கில் அவ்வளவு பெருமை. ஸ்டோரில் கிழிந்த தேயிலைப் பைகளைக் கேட்டு வாங்கி வந்து பிரித்தார். வெளியே தடித்த கடதாசி, உள்ளே வெள்ளித் தாள். அவற்றைச் சணல் நூலால் தைத்து, முன் அறையிலிருந்து பின்னால் சமைக்கிற குசினி வரை, கூரைத் தகரத்துக்குக் கீழே மரத்தில் ஆணி அடித்து இழுத்துக் கட்டினார். வெள்ளிப் பக்கம் கீழே. ஒரு பல்பு போட்டால் இரண்டு பல்பு வெளிச்சம் வரும். மழை பெய்தால், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் வேறு எந்த வீட்டிலும் டிவி கேட்காது, எங்கள் வீட்டில் கேட்கும். நாடக நேரத்தில் மழை பிடித்தால் பாதி லயம் எங்கள் காம்பராவில்தான் உட்கார்ந்திருக்கும். தேத்தண்ணி ஊற்றியே எனக்குக் கை ஓய்ந்துவிடும்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். பதுளையிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தாள், பெயர் மர்லியா. ஏதோ ஒரு நிறுவனத்தில் வேலை. லயத்து வீடுகளுக்கெல்லாம் எரிசக்திச் சான்றிதழ் கொடுக்கப் போகிறார்களாம். எங்களுக்கு வாயில் நுழையவில்லை.

"பிரிஜ் வாங்கக்குள்ள நட்சத்திரம் ஒட்டியிருக்கும்தானே? அதுமாதிரி வீட்டுக்கு" என்றாள். வீடு எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கிறது, எவ்வளவை வெளியே விடுகிறது, கரண்டும் விறகும் எவ்வளவு போகிறது என்று அளந்து ஏயிலிருந்து ஜீ வரை தரம் போடுவார்களாம். அந்தத் தாளைக் கதவில் ஒட்டுவார்களாம். ஏ என்றால் பச்சை, ஜீ என்றால் சிவப்பு.

"ஒட்டி?" என்று கேட்டாள் அங்கம்மா. என் சுவருக்கு அடுத்த வீட்டுக்காரி. அவள் எதையும் நேராகத்தான் கேட்பாள்.

அளந்து முடிந்தபிறகு சில வீடுகளுக்குக் கூரைக்குக் கீழே குளிர் தாங்கும் தட்டும், புகையில்லாத அடுப்பும் போட்டுக் கொடுப்பார்கள், எந்த வீடு என்று மேலே உள்ளவர்கள் முடிவெடுப்பார்கள் என்றாள் மர்லியா. எனக்கு டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. காய்ந்த அறை. மாதாவே, அது எங்கள் வீடாக இருக்கட்டும்.

அவள் வேனில் ஏறியதும் தோட்டத்துச் சங்கத் தலைவர் கந்தப்பன் எங்களை நிறுத்திவைத்துச் சொன்னார்: "இது புரியலையா? ரொம்ப மோசமான வீட்டுக்குத்தான் மொதல்ல செய்வாங்க. ஜீ வாங்குனவன் பொழைச்சான். இருக்குறத எல்லாம் மறைச்சு வைங்க."

அதை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? எழுத யார் வந்தாலும் இருப்பதை ஒளிப்பதுதானே எங்கள் பழக்கம்.

ஒக்டோபர் 14, திங்கள்

சீலிங்கைக் கழற்றலாமா என்று கேட்டேன்.

அவர் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் கட்டுனத நானே அவுக்கணுமா?"

கோபம் வந்துவிட்டது எனக்கு. போன தடவை உதவிப் பட்டியலுக்கு எழுத வந்த மனுஷன் மேலே பார்த்துவிட்டு 'வீடு நல்லாத்தானே இருக்கு' என்று போய்விடவில்லையா? இந்த வெள்ளித் தாளால்தானே நம் பெயர் வெட்டுப்பட்டது? இந்தத் தாள் இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும்? அவர்கள் சரியான தட்டுப் போட்டுக் கொடுத்தால் உங்கள் நெஞ்சுக்குத்தானே நல்லது? எல்லாம் கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

அவர் மூச்சுக்கு இழுக்கும் பம்பை எடுத்து வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்துக்கொண்டார்.

ஒக்டோபர் 19, சனி

நிலுக்ஷி கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்பாவுக்கு மனசில்லன்னா விடுங்கம்மா" என்றாள். கொழும்பில் கடை வேலையில் நின்றுகொண்டு சொல்வது சுலபம்.

ஒக்டோபர் 26, சனி

கழற்றியாகிவிட்டது.

காலையில் அவரே கதிரையை இழுத்துப்போட்டார். "நீ ஏறு, நான் புடிச்சுக்கிறேன். முடிச்ச வெட்டாத, அவுத்து எடு" என்றார். ஒரு முடிச்சு அவிழ்க்க ஒரு செபமாலை சொல்லி முடித்துவிடலாம் போலிருந்தது. ஒவ்வொரு துண்டையும் வாங்கித் துடைத்து, மூலையில் பென்சிலால் ஏதோ எழுதி மடித்தார். மினக்கெடாதீங்க, இனிமே இது எதுக்கு என்று கேட்டேன். "திரும்பக் கட்டுறப்போ எது எங்கன்னு தெரிய வேணாமா?" என்றார். புதுசு வரப்போகுது, பழசைக் கட்டுவாராம்! எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்தார்.

அண்ணாந்து பார்த்தால் கறுத்த தகரம். கல்யாணம் முடிந்து வந்தபோது பார்த்த அதே தகரம்.



ஒக்டோபர் 29, செவ்வாய்

மர்லியா இன்று அளக்க வந்தாள். முதலில் அங்கம்மா வீடு. அந்தக் கூத்தை எழுதாமல் இருக்க முடியாது. அங்கம்மா பிரிஜ்ஜை மறைக்கப் பட்டுச் சேலையைப் போர்த்தி, மேலே முருகன் படத்தை வைத்து, ஊதுபத்தியும் கொளுத்தியிருந்தாள். மர்லியா பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றாள், பாவம். அந்த நேரம் பார்த்து முருகனுக்குக் கீழே பிரிஜ் 'கிர்ர்' என்று ஓடத் தொடங்கியது. "சாமி வந்திருச்சு" என்றாள் அங்கம்மா. மர்லியா உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, வாசல் இஸ்தோப்பில் திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பிறகு எங்கள் வீடு. சூட்டைக் காட்டும் கமரா ஒன்று வைத்திருந்தாள். குளிர்ந்தது நீலமாகவும் சூடானது சிவப்பாகவும் தெரியும். எனக்கும் காட்டினாள். தகரம் நீலம், சுவர் நீலம், மாதா படம் நீலம். நடுவில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் மட்டும் செக்கச் செவேல் என்று இருந்தார்.

"மரத்தில எல்லாம் வரிசையா ஆணி இருக்கே அக்கா, இங்க ஏதாச்சும் கட்டியிருந்தீங்களா?"

"துணி காயப்போட" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது. அது இருமலா, சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. மர்லியா எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 2, சனி

ஆத்துமாக்கள் திருநாள். கல்லறைத் தோட்டத்துக்கு அவர் வரவில்லை, ஏற்றம் ஏற முடியாதாம். அவருடைய அம்மாவுக்கும் சேர்த்து நானே மெழுகுதிரி கொளுத்தினேன்.

நவம்பர் 7, வியாழன்

அளந்துவிட்டார்கள்தானே, சீலிங்கைத் திரும்பக் கட்டுவோமா என்று அவர் கேட்டார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. வழியில் கந்தப்பன் தலைவரைப் பார்த்துக் கேட்டேன். "பைத்தியமா தங்கச்சி? பெரிய ஆபீஸ்லருந்து ரெண்டாவது தடவ சொல்லாமக் கொள்ளாம வந்து பாப்பாங்களாம். பொய் சொன்னதாத் தெரிஞ்சா பேர வெட்டிருவாங்க" என்றார். அவருக்கு யார் சொன்னார்களோ.

கொஞ்சம் பொறுங்க என்று வீட்டில் சொன்னேன். தலையாட்டினார்.

நவம்பர் 16, சனி

விடியற்காலையில் தகரம் வியர்க்கிறது. உள்ளே உள்ள சூடெல்லாம் மேலே போய், குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக எங்கள் மேலேயே விழுகிறது. அவர் தலையில் சொப்பிங் பையைக் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறார். பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. போர்வையை அடுப்பருகே காயப்போட்டால் புகை நாற்றம், அதற்கும் இருமுகிறார்.

பின்னேரம் மழை. அப்பா, என்ன சத்தம்! தகரத்தில் கல்லைக் கொட்டுகிற மாதிரி. இத்தனை வருஷம் இது காதில் விழவே இல்லையே. பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் வாயசைவுதான் தெரிகிறது. நான் பின்னால் குசினியில் இருக்கும்போது என்னைக் கூப்பிட அவரிடம் மூச்சு இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். கரண்டியால் தேத்தண்ணி டம்ளரில் தட்டுகிறார். வேலைக்கு ஆள் கூப்பிடும் ஸ்டோர் மணி மாதிரி. "பெரட்டுக்கு வாறேன் தொர" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். அவருக்கு ஒரே சிரிப்பு.

நவம்பர் 21, வியாழன்

ஜீ! எங்களுக்கு ஜீ!

சிவப்புத் தாளை மர்லியாவோடு கூட வந்த பையன் கதவில் ஒட்டிவிட்டுப் போனான். பத்து வருஷத்துக்குச் செல்லுமாம், கிழிக்கக் கூடாதாம். லயமே திருவிழா மாதிரி இருந்தது. அங்கம்மாவுக்கு முருகன் கைகொடுக்கவில்லை, எஃப்தான். கடைசியில், தொங்கல் காம்பராவில் இருக்கும் ஜெயரூபனுக்கு ஈ. அவன் போன வருஷம்தான் பலகை வாங்கி சீலிங் அடித்தவன், கழற்ற மனம் வராமல் விட்டுவிட்டான். அவன் பெண்சாதி இஸ்தோப்பில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். ஆறுதல் சொல்லப் போனேன். மனதுக்குள் எனக்குப் பெருமைதான். அதையும் எழுதத்தானே வேண்டும்.

பிலிப்பு கதவருகே நின்று அந்த ஜீயை ரொம்ப நேரம் பார்த்தார். "ஸ்டோர்ல வேல செஞ்ச காலத்துல ஒரு சாக்குக்கூட நான் ரெண்டாந்தரம்னு பேர் வாங்குனதில்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நவம்பர் 26, செவ்வாய்

மழை விடவே இல்லை. பசறைப் பாதையில் மண் சரிந்து பஸ் இல்லையாம். அவருக்கு இழுப்புக் கூடியிருக்கிறது. பம்ப் அடித்தாலும் நெஞ்சு உள்ளே போகிறது. பாதை திறந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கட்டிருவமா புள்ள?" என்றார். பட்டியல் வருகிற வாரம் வந்துவிடும், இவ்வளவு நாள் பொறுத்தோமே என்றேன்.

சரி என்றார்.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று அடக்கம் முடிந்தது. என் பிலிப்பு போய்விட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

எழுதினால்தான் நெஞ்சு அடங்கும் போலிருக்கிறது. எழுதுகிறேன்.

அவர் போன அந்த வியாழக்கிழமை பின்னேரம். மழை. அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார், கொத்தமல்லித் தண்ணி கேட்டார். நான் குசினிக்குப் போனேன். விறகு ஈரம். ஊதினேன், ஊதினேன், பிடிக்கவே இல்லை. தகரத்தில் மழை அப்படிக் கொட்டியது. எனக்கு நான் ஊதுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு பிடித்தது. தண்ணி கொதித்தது. வடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

டம்ளர் கட்டிலுக்குக் கீழே உருண்டு கிடந்தது. கரண்டி அவர் கையிலேயே இருந்தது.

தட்டியிருக்காரு. என்னைக் கூப்பிட்டுத் தட்டியிருக்காரு. எவ்வளவு நேரம் தட்டினாருன்னு யாருக்குத் தெரியும்? அங்கம்மாவுக்கும் கேக்கல, சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தா. எனக்குக் கேக்கலியே — பத்தடி தூரத்துல அடுப்பை ஊதிக்கிட்டு இருந்த பாவிக்குக் கேக்கலியே. வந்திருந்தா பம்பைக் கையில கொடுத்திருப்பேன். நிமிர்த்தி உட்கார வச்சு முதுகைத் தடவியிருப்பேன். காப்பாத்தியிருப்பேனா? தெரியாது. ஆனா பக்கத்துல இருந்திருப்பேன்ல?

சீலிங் அவருக்கு ஒரு கை தூரத்தில்தான் இருந்தது, கட்டிலுக்குக் கீழே, மடித்தபடி.

டிசம்பர் 25, புதன்

நிலுக்ஷி வந்து போனாள். பூசைக்குப் போகவில்லை. இருவரும் ஒன்றும் சமைக்கவில்லை, அங்கம்மா சோறு அனுப்பினாள். கொழும்புக்கு வந்துவிடுங்கள் என்று மகள் கூப்பிட்டாள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்றேன். அது காரணமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

அப்பாவுக்கு என்ன ஆனது என்று அவள் கேட்டாள். கரண்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

2025 ஜனவரி 18, சனி

பட்டியல் வந்துவிட்டது. மர்லியா ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். டீயும் ஈயும் வாங்கிய வீடுகளுக்குத்தான் தட்டும் அடுப்பும். அவற்றில் கொஞ்சம் செலவழித்தால் ஒரு தரம் மேலே ஏற்றிவிடலாமாம். எஃப்பும் ஜீயும் வாங்கிய வீடுகளில் செலவழித்துப் பிரயோசனமில்லை, புது வீடுதான் கட்ட வேண்டும், அது வேறு திட்டம், எப்போது என்று தெரியாது என்று மேலே முடிவெடுத்திருக்கிறார்கள். ஜெயரூபன் வீட்டுக்கு அடுத்த மாதம் வேலை தொடங்குகிறது.

கந்தப்பன் தலைவர் இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை. அவரைச் சொல்லி என்ன? ஏறி அவிழ்த்தது என் கை.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் மர்லியா செய்தி சொல்ல வாயெடுத்தாள். சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரியாதாம். உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு துண்டை எடுத்து விரித்துக் காட்டினேன். வெள்ளித் தாள் அவள் முகத்தில் வெளிச்சம் அடித்தது. அந்த ஆணி வரிசை எதற்கென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இது இருந்திருந்தா எங்களுக்கு என்ன போட்டிருப்ப?"

"கேக்காதீங்க அக்கா" என்றாள்.

"சொல்லு."

அவள் அழுதாள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? ஆணியைப் பார்த்துக் கேட்டாளே, பொய் சொன்னது நான்தானே. கடைசியில் நான்தான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது அவள் கமராவைப் பிடித்தால் காம்பரா முழுக்க நீலமாகத்தான் இருக்கும்.

பெப்ரவரி 8, சனி

ஜெயரூபன் வீட்டில் தட்டு அடிக்கிற சத்தம். காலையிலிருந்து டங் டங் என்று. வீட்டில் இருக்க முடியாமல் லீவு நாளிலும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்க் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 10, திங்கள்

தூக்கமில்லை. அந்த ஜீயைக் கிழிக்கப் போனேன். நகம்தான் உடைந்தது.

மார்ச் 15, சனி

அங்கம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டாள், நான் ஏறினேன். "யாருக்கு இது இனிமே?" என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஒவ்வொரு துண்டின் மூலையிலும் அவர் எழுத்து. 'கதவுப் பக்கம்.' 'மாதா படத்துக்கு மேல.' 'பல்புக்கு நேர.' அவர் சொன்னபடியே வைத்துக் கட்டினேன், எதுவும் பிசகவில்லை. கடைசித் துண்டில் 'செல்வி தலமாடு, ரெண்டு மடிப்பு' என்று இருந்தது. இத்தனை வருஷம் நான் படுக்கிற இடத்துக்கு மேலே மட்டும் இரண்டு தாள் போட்டு வைத்திருந்திருக்கிறார். ஒரு நாளும் சொல்லவில்லை, மனுஷன்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கதிரை மேலேயே நின்று அழுதேன். அங்கம்மா என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதையும் இரண்டு மடிப்பாகவே கட்டினேன்.

மார்ச் 29, சனி

பின்னேரம் மழை வந்தது. நல்ல மழை. முற்றத்தில் தண்ணி தெறிப்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு பெரிய மழை என்று தெரிந்தது. உள்ளே சத்தமே இல்லை. பல்பைப் போட்டேன், காம்பரா முழுக்க வெளிச்சம்.

குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். ஊதிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அங்கம்மா, "செல்வி, ஒன் துணியெல்லாம் நனையுது" என்றாள். கத்தக்கூட இல்லை, பேசுகிற மாதிரிதான் சொன்னாள்.

முதல் தடவையிலேயே கேட்டது.